ஆற்றுப் பக்கம் முந்நூறு

அம்பாசமுத்திரம் பத்திர ஆபீசில்
சர்வர் படுத்துவிட்டது.
நாளைக்கு வாங்க என்றாள் டோக்கன் கொடுக்கும் பெண்,
நாளைக்கும் அது எழுந்திருக்குமா என்பது
தன் வேலையில் சேராது என்ற முகத்தோடு.

நானும் அண்ணனும் ஒரே ஆட்டோவில்
முழங்கால் படாமல் உட்கார்ந்து வந்தோம்.
நான்கு வருஷமாக நாங்கள் பேசியதெல்லாம்
வக்கீல் கோலப்பனின் லெட்டர்பேடில் இருக்கிறது.
ஒன்றரை சென்ட். கிணறு சேர்த்து.

லாட்ஜ் கவுண்டரில் மைதீன் பிச்சை
இரண்டு ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
உச்சிமாகாளி, த/பெ ஆவுடையப்பன்.
சண்முகவடிவு, த/பெ ஆவுடையப்பன்.
"அண்ணன் தங்கச்சிதான? ஒரு ரூம் போதுமே,
கட்டில் கூடப் போட்டுத் தாரேன்."
இரண்டு என்றோம், ஒரே குரலில்.
அதில் மட்டும் எங்களுக்குள் தாவா இல்லை.

"அப்பம் ஒண்ணுதான் ஆத்தைப் பாத்தது.
அதுக்கு முந்நூறு கூட.
இன்னொண்ணு ரைஸ்மில்லைப் பாத்தது."

அண்ணன் கை நீட்டி எடுத்தது
ரைஸ்மில் சாவியை.
பாசமா, முந்நூறு மிச்சமா,
கேட்டால் சொல்கிற ஆள் இல்லை.

என் அறையில் ஒரு பச்சை பக்கெட்,
தீப்பெட்டி அளவு சோப்பு,
சுவரில் சட்டம் போட்ட ஒரு ஆறு:
பனி மூடிய மலை, மரவீடு, எந்த தேசமோ.
நேர் எதிரே ஜன்னல்.
ஜன்னலில் தாமிரபரணி.
யார் மாட்டினார்கள், ஒன்றை ஒன்று பார்க்கட்டும் என்றா?

சும்மா சொல்லக்கூடாது, ஆறு சுமார்தான்.
பாறைகள் முதுகைக் காட்டிக் கிடந்தன.
மருதமரத்தடியில் ஒருவன் லோடு ஆட்டோ கழுவினான்.
ஒரு நீர்க்காகம் இரண்டு சிறகையும் விரித்து
பேண்ட் காயப்போட்டது போல நின்றது.
முந்நூறு அதிகம் என்று நினைத்துக்கொண்டு
சால்னாவில் புரோட்டாவை ஊறவைத்தேன்.

ஒன்பதே முக்காலுக்குக் கரண்ட் போனது.
ஃபேன் நின்ற பிறகுதான்
ஆறு ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

கதவு தட்டும் சத்தம்.
"அங்கன வெக்கை. உமி வேற பறக்கு."
நாற்காலியை இழுத்துப் பால்கனி வாசலில் போட்டான்.
நான் கட்டில் ஓரத்தில்.

செங்கோட்டை வண்டி பாலத்தில் ஏறியது.
ஜன்னல் ஜன்னலாகத் தண்ணீரில் விழுந்தது வெளிச்சம்,
ஒருவரும் நனையாமல் அக்கரை போனார்கள்.

பிறகு, பாறைமேல் ஏதோ.
நாய் என்றேன்.
நீர்நாய் என்றான்.
ஒன்றல்ல, இரண்டு. வாயில் ஒரே மீன்.
தலையை ஒன்று இழுக்க வாலை ஒன்று இழுக்க
குழந்தை சிணுங்குவது போல ஒரு சத்தம்.
செல்போன் வெளிச்சம் போடாமல் பார்த்திருந்தோம்.
யாருக்குப் போனதென்று தெரியுமுன்
கரண்ட் வந்துவிட்டது.

கண்ணாடியில் ஆறு இல்லை.
நாங்கள் இருந்தோம், இரண்டு பேரும்,
ஒரே இடத்தில் நரைத்து.

எழுந்தான்.
"தாப்பாளப் போட்டுக்க."
கோலப்பன் டைப் அடிக்காமல்
அவனிடமிருந்து எனக்கு வந்த ஒரு வரி.

காலையில் பாறைகளைக் காணோம்.
"காரையாறுல தொறந்துட்டாவ" என்றார் மைதீன் பிச்சை,
தானே சாவி போட்டுத் திறந்தது மாதிரி.
ஆறு பழுப்பாக, அகலமாக,
ஒரு பிளாஸ்டிக் குடத்தையும் ஒரு மாலையையும்
கிழக்கே கொண்டுபோனது.

பதினொன்றரைக்கு சர்வர் எழுந்தது.
கட்டைவிரல், போட்டோ, கையெழுத்து.
கிணறு பாதியான சத்தம்கூடக் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பில்லை எடுத்தான்.
இரண்டு ரூம், தனித்தனி. கடைசி வரியில்
ஆற்றுப் பக்கம்: 300.
என்னுடையதுதானே என்று பர்ஸைத் திறந்தேன்.
"நூத்தம்பது போதும்" என்றான்
நாகர்கோவில் பஸ்ஸைப் பார்த்தபடி.
"பாதி நானும் பாத்தேம்லா."

இருநூறாகத்தான் இருந்தது என்னிடம்.
அவனிடம் சில்லறை இல்லை.
அப்புறம் வாங்கிக்கிடுதேன் என்றேன்,
அப்புறம் என்று ஒன்று
இருப்பது போல.